என் தம்பி வெள்ளோட்டம்

என் தம்பியை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வெள்ளோட்டம் என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் என் வீட்டுக்காரர். அவர் சலூன் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கு முடி நன்றாக வெட்டுகிறாரோ இல்லையோ, ஒரு பட்டப்பெயரை ஒட்டித்தான் அனுப்புவார். பெரும்பாலும் அது அடுத்த முடிவெட்டுக்குள் உதிர்ந்துவிடும். தம்பிக்கு வைத்தது மட்டும் உதிரவில்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை போல அப்படியே உட்கார்ந்துவிட்டது.

தம்பி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பெரிய கிடங்குகளில் பார்த்திருப்பீர்கள். முன்னால் இரண்டு இரும்பு நாக்குகளை நீட்டிக்கொண்டு, அடுக்கிய பெட்டிகளை அடிப்பலகையோடு தூக்கிப் போய் உயரத் தட்டில் வைக்கும் வண்டி. என் தம்பி எந்தச் சுமையையும் எடுத்த எடுப்பில் தூக்க மாட்டான். முதலில் ஒரு சாண் தூக்குவான். நிறுத்துவான். இடப்பக்கம் எட்டிப் பார்ப்பான், வலப்பக்கம் எட்டிப் பார்ப்பான். பெட்டிகள் ஆடவில்லை, பாரம் ஒரு பக்கம் சாயவில்லை என்று தெரிந்த பிறகுதான் மேலே தூக்குவான். இத்தனை வருடத்தில் அவன் வண்டியிலிருந்து விழுந்தது ஒரே ஒரு அடுக்கு. அது கண்ணாடி ஜாடி அடுக்காகப் போனது அவன் நேரம்.

வண்டியில் இருக்கிற பழக்கம் வண்டியோடு நின்றிருந்தால் பட்டப்பெயர் வந்திருக்காது. மளிகைக்கடையில் போன் வழியாகப் பணம் கட்டும்போதும் அவன் முதலில் ஒரு ஒற்றைக் காசை அனுப்புவான். "வந்துச்சாண்ணே?" என்று கேட்பான். வந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்ன பிறகு மீதியை அனுப்புவான். அந்தக் கடையில் பணம் வந்ததை உரக்கச் சொல்லும் பெட்டி ஒன்று உண்டு. தம்பி போகும்போதெல்லாம் அது கடை முழுக்கக் கேட்கும்படி ஒற்றைக் காசை அறிவிக்கும்.

"ஏம்ப்பா, நீ போடுற காசுக்கு அந்தப் பெட்டி கத்துற கத்துல, வர்றவங்க எல்லாம் நான் தட்டு ஏந்துறேன்னு நினைக்கிறாங்க" என்றார் கடைக்காரர்.

"நம்பர் மாறிப் போச்சுன்னா?"

"என் நம்பர் பத்து வருஷமா இதே சுவத்துலதான் ஒட்டியிருக்கு."

"அதுக்கு மேல ராத்திரி எவனாவது வேற ஒண்ணை ஒட்டிட்டுப் போயிருந்தா?"

கடைக்காரர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு, தம்பி போனதும், நகத்தால் அந்த அட்டையின் ஓரத்தைச் சுரண்டியும் பார்த்தார். நான் பருப்பு வாங்கிக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தேன். என் தம்பி ஒரு விஷயத்தைச் சொன்னால் கேட்பவர் சிரிப்பார், ஆனால் சுரண்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

அவன் வேலை பார்த்த கிடங்கை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் அதைத் திருமண மண்டபமாக ஆக்கப் போவதாகச் சொன்னார்கள். அங்கே ஃபோர்க்லிஃப்டுக்கு வேலை இல்லை. அப்போது தம்பி மனைவி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவம். கடல் தாண்டி ஒரு துறைமுகத்துக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் ஒருவர், தம்பியின் லைசென்ஸைப் பார்த்ததுமே வாயெல்லாம் பல்லாகிவிட்டார். இரண்டு வருட ஒப்பந்தம். நடுவில் விடுமுறை கிடையாது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"போனா புள்ள நடக்கிறப்பதான் வந்து பார்ப்பேன்" என்றான் தம்பி.

"போகலைன்னா?" என்று கேட்டேன்.

"போகலைன்னா புள்ளையப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். சம்பளம் யார் குடுப்பா?"

அவன் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேல் நறுக்கிக்கொண்டே போனாள்.

அந்த வாரம்தான் ஒரு விளம்பரம் வந்தது. ஒரே பஸ்ஸில் போய் இறங்கும் தூரத்தில் புதிய கிடங்கு ஒன்றுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் தேவை. ஆனால் நேரில் வரக் கூடாது, இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு போன் எண், ஒரு முகம், ஒரு விண்ணப்பம். நிராகரிக்கப்பட்டால் ஆறு மாதத்துக்கு மறுபடியும் விண்ணப்பிக்க முடியாது.

இதைப் படித்ததும் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. மூஞ்சியையும் குடுங்க."

"மூஞ்சியையா?" என்றார் என் வீட்டுக்காரர். "இருக்கிறது ஒண்ணுதானே மாப்ள."

"முதல்ல உங்க பேர்ல ஒண்ணு போட்டுப் பார்க்கிறேன். இது நிஜமான கம்பெனியா, ஆளுங்க விவரத்தைத் திருடுற கூட்டமான்னு தெரியணும்ல. ஒழுங்கா இருந்தா அதை அழிச்சிட்டு என்னோடதைப் போடுறேன்."

"திருட்டுக் கூட்டமா இருந்தா?"

"உங்ககிட்ட என்ன மாமா இருக்கு திருட?"

என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நியாயம்தான் என்று போனைக் கொடுத்தார்.

வெள்ளோட்டம்தானே என்று தம்பி அதில் மூளையைச் செலவழிக்கவில்லை. விளம்பரத்தில் அவர்கள் என்னென்ன கேட்டிருந்தார்களோ அதையே திருப்பி எழுதினான். 'துடிப்பும் தொலைநோக்கும் கொண்டவர் தேவை' என்று இருந்தது. 'நான் துடிப்பும் தொலைநோக்கும் கொண்டவன்' என்று போட்டான். முன் அனுபவம் என்ற இடத்தில் சலூனைப் போட்டான். வேறு எதுவும் போட முடியாது, ஏனென்றால் கடையின் பதிவு எண் அவர் போன் எண்ணோடு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. தொழில் என்ற இடத்தில் கொடுத்திருந்த பட்டியலில் முடிதிருத்துநர் இல்லை, 'துல்லியக் கருவி இயக்குநர்' இருந்தது. அதைத் தட்டினான். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா இது எனக்கே தெரியாமப் போச்சே" என்றார்.

அடுத்த நாள் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, தன்னுடையதைப் போட உட்கார்ந்தான். முந்தையதை அழிக்கலாம் என்றால், அழிக்கும் பொத்தானை அழுத்தியதும் ஒரு பெட்டி திறந்து, 'வணக்கம், நான் உங்கள் உதவியாளர். உங்களுக்கு எப்படி உதவட்டும்?' என்றது. அழிக்க வேண்டும் என்று எழுதினான். 'விண்ணப்பிக்க விரும்புகிறீர்கள் என்று புரிகிறது' என்றது. மறுபடி எழுதினான். 'அருமை!' என்றது. மூன்றாவது தடவைக்குப் பிறகு தம்பி அதை அதன் போக்கில் விட்டுவிட்டான்.

தன் விண்ணப்பத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிரப்பினான். முதலில் விவரங்கள் அடங்கிய தாளை ஏற்றச் சொன்னது. ஏற்றினான். பிறகு அந்தத் தாளில் இருக்கிற அத்தனையையும் ஒவ்வொரு கட்டமாகத் தட்டச்சு செய்யச் சொன்னது. செய்தான். முகத்தைக் காட்டச் சொன்னது, கண்ணாடியைக் கழற்றச் சொன்னது. அவன் கண்ணாடியே போடுவதில்லை. கடைசியில் அவன் மனைவியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, பிறகு கழற்றினான். அப்போது ஒப்புக்கொண்டது. அதன் பின் அவன் மனிதன்தான் என்று நிரூபிக்க, ஒன்பது படங்களில் லாரி இருப்பவற்றைத் தொடச் சொன்னது.

அங்கேதான் தம்பி மாட்டிக்கொண்டான்.

"அக்கா, இதுல டிரெய்லர் மட்டும் நிக்குது. முன்னால இழுக்கிற வண்டி இல்ல. இதை லாரின்னு சொல்ல முடியாதே."

"தொட்டுட்டுப் போயேன்டா."

"தப்பான பதிலைச் சொல்லிட்டு எப்படி வேலை கேக்குறது?"

அவன் யோசித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. முதலிலிருந்து தொடங்கினான். இரண்டாம் தடவை வந்தது படகு. அதில் சந்தேகம் இல்லாததால் தாண்டிவிட்டான்.

கடைசிக் கேள்வி, 'உங்கள் பலவீனம் என்ன?' அதற்கு என் தம்பி உண்மையை எழுதினான். 'ஒரு முறை கண்ணாடி ஜாடிகள் கீழே விழுந்தன. தரை ஈரமாக இருந்தது. ஆனாலும் அது என் தவறு.' எழுதிவிட்டு என்னிடம் படித்துக் காட்டினான். எனக்கு அதில் ஒரு எழுத்துகூட மாற்றத் தோன்றவில்லை.

நான் அடுப்பில் வைத்த டீ கொதிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'உங்கள் ஆர்வத்தையும் திறமையையும் மிகவும் மதிக்கிறோம். வருந்துகிறோம்.'

"மதிக்கிறாங்களாம் அக்கா" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். அவன் மனைவி அவன் கையிலிருந்து தன் கண்ணாடியை வாங்கித் துடைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலமே அவன் துறைமுக ஏஜெண்டிடம் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்துவிட்டு வந்தான்.

இரண்டு நாள் கழித்து, சலூனில் ஒரு வாடிக்கையாளருக்குப் பாதி முகம் மழித்திருந்தபோது என் வீட்டுக்காரர் போன் அலறியது. கையில் சோப்பு நுரை. விரல் எதன் மேலோ பட்டுவிட்டது. திரையில் அவர் முகமே பெரிதாக வந்தது. 'வாழ்த்துகள். உங்கள் காணொளி நேர்முகத் தேர்வு தொடங்குகிறது' என்றது ஒரு பெண் குரல். நிஜப் பெண் இல்லை, பதிவு செய்த குரல்.

'பணிச்சுமை மிகுந்த நாளில் எப்படிச் செயல்படுவீர்கள்?'

ஆளில்லாத குரல் என்றாலும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவர் வழக்கம் இல்லை.

"லீவு நாள்ல கூட்டம் முட்டும்மா. நாலு பேரு வாசல்ல நிப்பாங்க. ஆனா நான் யாருக்காகவும் அவசரப்பட மாட்டேன். கையில இருக்கிறது கத்தி இல்லையா?"

'உங்கள் பணியில் பாதுகாப்புக்கு என்ன இடம்?'

"இத்தனை வருஷத்துல ஒரு காது போனதில்ல."

"அதுக்கு நான் சாட்சி" என்றார் நுரையோடு உட்கார்ந்திருந்தவர்.

'நன்றி. குழு மனப்பான்மை: மிகச் சிறப்பு' என்றது குரல். வரும் வெள்ளிக்கிழமை நேரில் வந்து வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று செய்தியும் வந்துவிட்டது.

தம்பிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

"அது வெள்ளோட்டம் மாமா! அதுக்குப் போய் ஏன் பதில் சொன்னீங்க?"

"மரியாதையாக் கேட்டுச்சு மாப்ள."

"உங்களுக்கு சைக்கிளே சரியா ஓட்டத் தெரியாது."

"அதை அது கேக்கலையே."

அன்றைக்கே இன்னொரு அழைப்பும் வந்தது. இந்தத் தடவை நிஜமான ஆள். குரலில் தேன் ஒழுகியது. வேலை உறுதி ஆகிவிட்டதாகவும், சீருடைக்கும் அடையாள அட்டைக்கும் முன்பணம் கட்ட வேண்டும் என்றும், ஒரு இணைப்பை அனுப்புவதாகவும் சொன்னார். என் வீட்டுக்காரர் தலையாட்ட ஆரம்பித்தார். தம்பி போனைப் பிடுங்கினான்.

"சார், நம்பர் சரியான்னு பார்க்கணும். முதல்ல நீங்க எங்களுக்கு ஒரு ஒத்தைக் காசு அனுப்புங்க. வந்துச்சுன்னா நாங்க முழுசா அனுப்புறோம்."

"நாங்க கம்பெனி சார். நாங்க எதுக்கு அனுப்பணும்?"

"கம்பெனிக்கு ஒரு காசு பெரிசா சார்?"

மறுமுனையில் யாரோ யாரிடமோ கிசுகிசுப்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் காசு வந்துவிட்டது.

"வந்துருச்சு. ரொம்ப நன்றி" என்று சொல்லித் தம்பி அழைப்பைத் துண்டித்தான். அந்த ஆள் மறுபடி மறுபடி கூப்பிட்டுத் திட்டினார். ஏமாற்றுக்காரர்கள் என்று எங்களைச் சொன்னார். தம்பிக்கு அது உறுத்திவிட்டது. அடுத்தவன் காசு நமக்கெதற்கு என்று திருப்பி அனுப்பப் போனான். சந்தேகத்துக்குரிய எண் என்று சொல்லி வங்கி அதைத் தடுத்துவிட்டது. அந்த எண்ணிலிருந்து பணம் வரும்போது மட்டும் வங்கிக்குச் சந்தேகம் வரவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை அழைப்பு நிஜமா, இதே கூட்டத்தின் வேலையா என்று தெரியவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். தனியாக விட்டால் சட்டையைக்கூட கழற்றிக் கொடுத்துவிட்டு வருவார் என்று தம்பியும் கிளம்பினான். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அன்று எனக்கு வார விடுமுறை. நானும் போனேன்.

கிடங்கு நிஜமாகவே இருந்தது. வாசலில் ஒரு இயந்திரம் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்து, 'ஆறு மாதம் கழித்து முயலவும்' என்றது. காவலாளி நல்ல மனிதர். "இது இப்படித்தான்மா, நேத்து எங்க முதலாளியையே உள்ள விடல" என்று சொல்லி, பக்கத்துச் சின்னக் கதவைத் தள்ளிவிட்டார்.

உள்ளே மேலாளர் ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். கையில் மாத்திரைப் பட்டையும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றிருந்தார். பின்னால் வந்து இறங்கிய சரக்கு மலை போலக் குவிந்து கிடந்தது. நான்கு ஃபோர்க்லிஃப்டுகள் ஓட்ட ஆளில்லாமல் வரிசையாக நின்றன.

"துல்லியக் கருவி இயக்குநர் நீங்கதானா? ஏறுங்க சார், அந்த அடுக்கைத் தூக்கி மூணாவது தட்டுல வைங்க."

என் வீட்டுக்காரர் வண்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டார். மரியாதையாகக் கேட்டார்களே!

"ஏறாதீங்க மாமா" என்றான் தம்பி. பிறகு மேலாளரிடம் திரும்பினான். அப்போது அவன் நினைத்திருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "மேடம், இவர் முடி வெட்டுறவர். விண்ணப்பம் போட்டது நான். நீங்க திருட்டுக் கூட்டமா இல்லையான்னு பார்க்க முதல்ல இவர் பேர்ல போட்டேன். அப்புறம் என் பேர்ல போட்டேன். இவரை எடுத்துட்டீங்க, என்னை வேண்டாம்னுட்டீங்க."

மேலாளர் பாட்டிலை மூடினார். "நாங்க உங்களை டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி நீங்க எங்களை டெஸ்ட் பண்ணீங்களா?"

"ஆமா மேடம்."

"நாங்க பாஸா?"

"இன்னும் தெரியல மேடம்."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சாவியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். தம்பி ஏறினான். நாக்குகளை உள்ளே விட்டான். ஒரு சாண் தூக்கினான். நிறுத்தினான். இடப்பக்கம், வலப்பக்கம். பிறகு மூன்றாவது தட்டில், தொட்டிலில் குழந்தையைப் போடுவது போல, அந்த அடுக்கை வைத்தான். நான் அவன் வேலை செய்து பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் 'என் தம்பி' என்று சொல்லியிருப்பேன். காவலாளி இருந்தார். அவரிடம் சொன்னேன்.

"நாளைக்கே வாங்க" என்றார் மேலாளர். கணினியில் தம்பியின் எண்ணைத் தட்டினார். சிவப்பாக ஒரு பட்டை வந்தது. மறுபடி தட்டினார். "பூட்டிடுச்சு. ஆறு மாசம் என்னாலயும் திறக்க முடியாது. தலைமை அலுவலகத்துக்கு எழுதலாம். அங்கயும் இந்த உதவியாளர்தான் பதில் சொல்லும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "அவர் பேர்லயே வந்துடுங்களேன். இங்க எல்லாருக்கும் ஹெல்மெட்தான்."

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது. தம்பி என்னைப் பார்த்தான். அது அவன் சொல்ல வேண்டிய பதில்.

"அது வேணாம் மேடம். ஒரு அடுக்கு விழுந்தா அவர் பேர்ல விழும். அவர் காது போகாம வெட்டுற மனுஷன்."

நாங்கள் திரும்பிவிட்டோம். வாசல் வரை வந்திருப்போம். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மேலாளர் கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார்.

"சார், உங்க சலூன் பதிவு பண்ணின கடையா?"

"ஆமா, வரியெல்லாம் கட்டுறேனே" என்றார் என் வீட்டுக்காரர், வரித்துறையைக் கண்டவர் போல.

ஆட்களை எடுக்கும் இடம்தான் பூட்டியிருந்தது. ஒப்பந்த நிறுவனங்களைச் சேர்க்கும் இடம் திறந்தே கிடந்தது. அதற்கு முகமும் தேவையில்லை, லாரிப் படமும் தேவையில்லை. ஒரு கடையின் பதிவு எண் போதும். என்ன தொழில் செய்யும் கடை என்று அது கேட்கவே இல்லை. அங்கேயே வாசலில் நின்றபடி, என் வீட்டுக்காரரின் சலூன் அந்தக் கிடங்குக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களை அனுப்பும் நிறுவனம் ஆகிவிட்டது. அதன் முதல் ஊழியன் என் தம்பி, சொந்தப் பெயரில், சொந்த லைசென்ஸோடு. கணினி இதற்குப் பச்சைப் பட்டை காட்டி, 'நம்பகமான பங்குதாரர்' என்றது.

பஸ்ஸில் என் வீட்டுக்காரரைப் பிடிக்க முடியவில்லை.

"இனிமே மாமான்னு கூப்பிடாதே மாப்ள. சார்னு கூப்பிடு."

"முதல்ல உங்க கடைக் கண்ணாடியில தெரியுற முதலாளிக்கு முடி வெட்டிவிடுங்க. காட்டுல இருந்து வந்தவர் மாதிரி இருக்கார்" என்றான் தம்பி. அவன் அப்படிச் சிரித்து அப்போதுதான் பார்த்தேன், பழைய கிடங்கை விற்ற பிறகு.

பாஸ்போர்ட் நகலைத் திருப்பி வாங்கிவந்தோம். அடுத்த மாதமே அவன் மனைவிக்கு வலி வந்தது. வேலை நேரம். தம்பி மேலாளரிடம் ஓடினான். ஒப்பந்த ஊழியனுக்கு விடுமுறை தர வேண்டியது அவன் நிறுவனம்தான், இணையத்தில் விண்ணப்பித்து நிறுவனம் அனுமதிக்க வேண்டும் என்று அவர் சங்கடத்தோடு சொன்னார். தம்பி சலூனுக்குப் போன் போட்டான். என் வீட்டுக்காரர் வாடிக்கையாளரைப் பாதித் தலையோடு விட்டுவிட்டு, அனுமதி கொடுக்கப் போனைத் தட்டினார். ரகசிய எண் கேட்டது. எண் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி தட்டினார். விடுமுறைக்கான காரணப் பட்டியலில் பிரசவம் பெண்களுக்கு மட்டும்தான் இருந்தது. "நீ போடா மாப்ள, நான் முதலாளி சொல்றேன்!" என்று சலூன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். மேலாளர் எப்போதோ அவனைப் பஸ்ஸுக்குத் தள்ளி அனுப்பியிருந்தார்.

தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான் சலவைக்கூடத்திலிருந்து வெளுத்த துணி எடுத்துக்கொண்டு பிரசவ வார்டு வாசலில் நின்றிருந்தேன். அவனை உள்ளே கூப்பிட்டார்கள். பெண் குழந்தை. அவன் மனைவி அவன் கையைப் பிடித்த பிடியில் விரல் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது.

அந்த விடுமுறை விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது.